அல்கானா தெருவில் ஒரு மொழிபெயர்ப்பாளன்: 'டொன் கிஹோட்டே'யும் அறபெழுத்தில் எழுதப்பட்ட ஐரோப்பாவும்

மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் ஒன்றில் மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு பின்னேரத்தில்தான் 'டொன் கிஹோட்டே' என் கைக்கு வந்தது. ஜே. எம். கோஹன் ஆங்கிலத்தில் பெயர்த்து, 1950இல் பெங்குயின் வெளியிட்ட பதிப்பு. அட்டை கிழிந்திருந்தது. காற்றாலையை அரக்கன் என்று எண்ணி மோதிய கிழவனின் கதை என்ற அளவில்தான் அதுவரை எனக்கு அந்த நாவலைத் தெரியும். நம்மில் பலருக்கும் அப்படித்தான். காற்றாலை வருவது எட்டாம் அத்தியாயத்தில். அதற்கடுத்த அத்தியாயத்தைப் பற்றித்தான் இங்கு எழுத விரும்புகிறேன். அதில் நம்மைப் போன்ற ஓர் ஆள் வருகிறான். அவனுக்குப் பெயர் கூட இல்லை. ஆனால் அவன் இல்லாவிட்டால் அந்த நாவலே இல்லை.

செர்வாந்தெஸ் 1605இல் இந்நூலின் முதற்பாகத்தை வெளியிட்டார். எட்டாம் அத்தியாயத்தின் இறுதியில் டொன் கிஹோட்டேயும் பாஸ்க் நாட்டான் ஒருவனும் வாளை ஓங்கியபடி நிற்கிறார்கள். அந்த இடத்தில் கதை அறுந்து போகிறது. இதற்கு மேல் எழுத்து கிடைக்கவில்லை என்கிறார் ஆசிரியர். ஒன்பதாம் அத்தியாயத்தில் அவர் தொலேதோ நகரின் அல்கானா கடைத்தெருவில் நிற்கிறார். ஒரு பையன் பழைய கொப்பிகளையும் காகிதங்களையும் பட்டு வியாபாரி ஒருவருக்கு விற்க வருகிறான். தெருவில் கிடக்கும் கிழிந்த தாளையும் விடாமல் வாசிக்கும் பழக்கமுள்ள நம் ஆசிரியர் ஒன்றைக் கையில் எடுக்கிறார். எழுத்து அறபு. எழுத்தை அடையாளம் காண முடிகிறது, வாசிக்கத் தெரியவில்லை. வாசிக்கத் தெரிந்த மொரிஸ்கோ ஒருவனைத் தேடுகிறார், அதிக சிரமமின்றிக் கிடைத்தும் விடுகிறான்.

அந்த மொரிஸ்கோ கொப்பியை நடுவில் திறந்து கொஞ்சம் வாசித்துவிட்டுச் சிரிக்கிறான். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டால், ஓரத்தில் எழுதியிருக்கும் ஒரு குறிப்பைக் காட்டுகிறான். கதாநாயகி துல்சினேயா பன்றி இறைச்சிக்கு உப்புப் போடுவதில் லா மஞ்சாவிலேயே கைகாரி என்பதுதான் அந்தக் குறிப்பு. ஆசிரியர் அத்தனை கொப்பிகளையும் அரை ரேயாலுக்கு வாங்கி விடுகிறார். மொரிஸ்கோவைப் பேராலயத்தின் உள்முற்றத்துக்குக் கூட்டிச் சென்று, கூட்டாமல் குறைக்காமல் முழுவதையும் கஸ்தீலிய மொழியில் பெயர்த்துத் தரச் சொல்கிறார். கூலி இரண்டு அரோபா உலர்ந்த திராட்சை (இன்றைய கணக்கில் ஏறத்தாழ 23 கிலோ), இரண்டு ஃபனேகா கோதுமை. பிறகு அவனைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார். ஒன்றரை மாதத்தில் வேலை முடிகிறது. மூல நூலாசிரியர் சீதே ஹமேத்தே பெனெங்கெலி என்ற அறபு வரலாற்றாசிரியர் என்று நமக்குச் சொல்லப்படுகிறது.

இதெல்லாம் கற்பனை. அப்படியொரு அறபு நூல் இருந்ததில்லை. ஆனால், ஐரோப்பாவின் முதல் நவீன நாவல் என்று பலராலும் போற்றப்படும் ஒரு நூல், தன்னை அறபிலிருந்து வந்த மொழிபெயர்ப்பு என்று சொல்லிக்கொள்ள ஏன் விரும்பியது? இந்தக் கேள்வியை வெறும் விகடம் என்று தள்ளிவிட முடியாது.

1505: மாற்றுவதற்காகக் கற்ற மொழி

செர்வாந்தெஸின் நூலுக்குச் சரியாக நூறு வருடங்களுக்கு முன்னர், 1505இல், கிரனாடாவில் இரண்டு நூல்கள் அச்சாயின. இரண்டையும் செய்தவர் பேத்ரோ தெ அல்காலா என்ற துறவி. ஒன்று அறபு மொழியை எளிதில் கற்பதற்கான இலக்கணம், மற்றது ஸ்பானியச் சொற்களுக்கு அறபுப் பொருள் தரும் சொற்கோவை. கிரனாடா 1492இல் வீழ்ந்தது. மார்க்கத்தைப் பின்பற்றும் உரிமை காக்கப்படும் என்று முந்திய வருட உடன்படிக்கையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பத்து வருடம் கூட அது தாங்கவில்லை. கட்டாய மதமாற்றம் நடந்தது, கிரனாடாவில் அறபுக் கிதாபுகள் எரிக்கப்பட்டன. புதிதாக மாற்றப்பட்ட மக்களிடம் பாவமன்னிப்புக் கேட்கவும் போதனை செய்யவும் பாதிரிமாருக்கு அவர்களது பேச்சு தேவைப்பட்டது. அதற்காக எழுந்தவைதான் அல்காலாவின் நூல்கள்.

மொழி கற்பித்தலின் வரலாற்றில் அவை சாதாரண நூல்கள் அல்ல. கிதாபு அறபை விட்டுவிட்டு, கிரனாடாவில் வீட்டிலும் சந்தையிலும் பேசிய அறபையே அல்காலா எழுதினார். அந்த ஊர் ஆலிம்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். அறபெழுத்தில் அல்லாமல் இலத்தீன் எழுத்தில் உயிரொலிகளோடு எழுதினார். இன்று அந்தலுஸ் அறபுப் பேச்சை ஆராய்பவர்களுக்கு இதைவிடப் பெரிய சான்று வேறில்லை. ஒரு மொழியைக் கவனமாகக் காது கொடுத்துக் கேட்ட மனிதர், அந்த மொழி தாங்கி நின்ற வாழ்க்கையை அகற்றும் வேலையில் அமர்த்தப்பட்டிருந்தார். நல்ல மொழியறிவு நல்ல நோக்கத்துக்குச் சான்றாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்தப் பரிவு கூட நீடிக்கவில்லை. 1567இல் இரண்டாம் ஃபிலிப் மன்னர், மூன்று வருடத்துக்குள் எல்லோரும் கஸ்தீலிய மொழி கற்க வேண்டும், அதன் பிறகு அறபில் பேசவோ எழுதவோ வாசிக்கவோ கூடாது என்று சட்டம் போட்டார். ஃபிரான்சிஸ்கோ நூஞெஸ் முலே என்ற வயோதிப மொரிஸ்கோப் பிரமுகர் அதற்கு எதிராக ஒரு மனு எழுதினார். கிழக்கு நாடுகளில் கிறிஸ்தவர்களும் அறபுதானே பேசுகிறார்கள், மொழி வேறு மதம் வேறு அல்லவா என்பது அவரது வாதம். கேட்பாரில்லை. அடுத்த வருடம் கலகம் வெடித்தது. அது அடக்கப்பட்ட பின் கிரனாடா மொரிஸ்கோக்கள் கஸ்தீலிய ஊர்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். தொலேதோவும் அப்படி ஆட்கள் வந்து சேர்ந்த நகரம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஒன்பதாம் அத்தியாயத்தைத் திரும்ப வாசியுங்கள். அந்த மொரிஸ்கோ பட்டப்பகலில் கடைத்தெருவில் செய்து காட்டிய காரியம், அவனுடைய சமூகத்தாருக்குச் சட்டப்படி தடுக்கப்பட்டது. அவனைக் கூட்டிச் செல்லும் இடமோ பேராலயம். அந்நகரின் பெரிய பள்ளிவாசல் இருந்த நிலத்தில்தான் அது எழுப்பப்பட்டது. பன்றி இறைச்சியைத் தவிர்ப்பவன் இரகசிய முஸ்லிம் என்று விசாரணை மன்றம் பிடித்துச் சென்ற காலத்தில், பன்றிக்கு உப்புப் போடும் கதாநாயகியை அறபெழுத்தில் கண்டுதான் அவன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைச் சும்மா சிரிப்பு என்று என்னால் எடுக்க முடியவில்லை. ஒன்றரை மாதம் வீட்டுக்குள் வைத்திருந்ததும் அவசரத்துக்காக மட்டும் அல்ல என்றே எனக்குப் படுகிறது.

செர்வாந்தெஸை நம் ஆள் ஆக்க நான் முயலவில்லை. அறபிகள் பொய் சொல்லும் இயல்பினர் என்று அதே அத்தியாயத்தில் எழுதியவரும் அவர்தான். 1575 முதல் 1580 வரை அல்ஜியர்ஸில் கைதியாக இருந்தவர், கசப்பு இருந்திருக்கும். ஆனால் நாவல் அந்தக் கசப்போடு நின்றுவிடவில்லை. இரண்டாம் பாகத்தில் (1615) மொழிபெயர்ப்பாளனே விமர்சகன் ஆகிறான். ஐந்தாம் அத்தியாயத்தில் சாஞ்சோ தன் அறிவுக்கு மிஞ்சிப் பேசுவதால் அது இடைச்செருகலாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறான். சந்தேகித்தாலும், தன் கடமை என்று பெயர்த்தும் தருகிறான். ஏட்டை வாசித்த எந்தப் பதிப்பாசிரியரும் அறிந்த நேர்மை இது. அல்காலாவுக்கும் இவனுக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் நான் சொல்ல வந்தேன். ஒருவர் மற்றவரை மாற்றுவதற்காக மொழி கற்றார். மற்றவன் இரண்டு மொழியிலும் வாழ்ந்தவன், ஒன்றை மற்றதற்குக் கேட்கச் செய்தான்.

தரைக்கடியில் கிடந்த இலக்கியம்

அல்காலா அறபை இலத்தீன் எழுத்தில் எழுதினார் என்றேன். மொரிஸ்கோக்கள் அதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். அறபுப் பேச்சு வாயிலிருந்து மறைந்துகொண்டிருந்த அரகோன், கஸ்தீலியப் பகுதிகளில் அவர்கள் ஸ்பானிய மொழியை அறபெழுத்தில் எழுதினார்கள். இதற்கு அல்ஹமியாதோ என்று பெயர். 'அஜமிய்யா', அதாவது அறபல்லாத மொழி, என்ற சொல்லிலிருந்து வந்தது. அறபில் இல்லாத 'ப' ஒலிக்கு 'பா' எழுத்தின் மேல் ஷத்து வைத்தார்கள். இதை வாசித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. நம் முன்னோர் தமிழின் ஒலிகளுக்காக அறபெழுத்தில் புள்ளி கூட்டியதும் இதே தேவையால்தான்.

1884இல் அரகோனில் அல்மொனாசித் தெ லா சியெர்ரா என்ற கிராமத்தில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். மேல் தரைக்கும் கீழ்த் தளத்துக்கும் இடையிலிருந்த பொய்த் தரையில் ஏடுகள் அடுக்கியிருந்தன, நூல் கட்டும் கருவிகளும் கிடந்தன. என்னவென்று தெரியாமல் சிலவற்றைப் பிள்ளைகள் கிழித்து எரித்து விளையாடினர். மீந்தவற்றுக்கு ஹுலியான் ரிபேராவும் மிகுவேல் ஆசின் பலாசியோஸும் சேர்ந்து 1912இல் விளக்க அட்டவணை வெளியிட்டார்கள். பின்னர் ஆல்வாரோ கல்மெஸ் தெ ஃபுவெந்தெஸ், எல். பி. ஹார்வி, லூசே லோபெஸ் பரால்ட் முதலியோர் இவற்றை வரி வரியாக வாசித்தார்கள்.

அவர்கள் கண்டது வெறும் மார்க்கச் சட்ட நூல்களை மட்டும் அல்ல. யூசுப் (அலை) அவர்களின் கதை ஸ்பானிய யாப்பில் இருந்தது. ஐரோப்பாவெங்கும் விரும்பி வாசிக்கப்பட்ட 'பாரிஸும் வியானாவும்' என்ற காதல் வீரக்கதையும் அறபெழுத்தில் இருந்தது. அதாவது ஒழித்து வாழ்ந்த முஸ்லிம்கள் ஐரோப்பிய இலக்கியத்தையும் தங்களுடையதென்றே வாசித்தார்கள். 1609க்கும் 1614க்கும் இடையில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மொரிஸ்கோக்கள் நாடுகடத்தப்பட்டனர். அப்படித் தூனிஸ் சென்று சேர்ந்த ஒருவர், திருமண வாழ்வு பற்றி எழுதிய நூலில் லோபே தெ வேகாவின் கவிதைகளை நினைவிலிருந்து எடுத்தாள்கிறார். லோபெஸ் பரால்ட்டின் ஆய்வு இதை விரிவாகக் காட்டுகிறது. துரத்திய நாட்டின் கவிஞனை அவர் மறக்கவில்லை. இதைவிடத் துயரமான இலக்கியச் சான்று ஒன்றை நான் வாசித்ததில்லை.

நீண்ட காலமாக அறபு ஆய்வாளர் ஒரு பக்கமும் ஐரோப்பிய இலக்கிய ஆய்வாளர் மறுபக்கமுமாக இருந்தனர். ஒருவர் மொழியை மற்றவர் கற்கவில்லை. மத்திய கால ஐரோப்பிய இலக்கிய வரலாற்றில் அறபின் பங்கை மரியா ரோசா மெனொக்கால் 1987இல் ஒரு நூலாக எழுதியபோது வைத்த முக்கிய குற்றச்சாட்டே இதுதான். சான்று இல்லாமல் போகவில்லை. வாசிக்கக் கற்றவர்கள்தான் குறைவாக இருந்தார்கள்.

'அல்' என்று தொடங்குவதெல்லாம்

இங்கே நமக்கு ஒரு எச்சரிக்கையும் வேண்டும். இப்படியான செய்திகள் நம் மேடைகளுக்கு வரும்போது ஒரே அடியாக உருமாறி விடுகின்றன. "ஐரோப்பாவுக்கு எல்லாம் நாமதான் கொடுத்த" என்று முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறோம்.

இரண்டாம் பாகம் அறுபத்தேழாம் அத்தியாயத்தில் டொன் கிஹோட்டே சாஞ்சோவுக்கு ஒரு மொழிப் பாடம் நடத்துகிறார். ஸ்பானிய மொழியில் 'அல்' என்று தொடங்கும் சொற்கள் அறபிலிருந்து வந்தவை என்று சொல்லி ஒரு பட்டியல் தருகிறார். பெரும்பாலும் சரிதான். ஆனால் அந்தப் பட்டியலில் 'அல்மொர்சார்' என்ற சொல்லும் இருக்கிறது. உணவருந்துதல் என்று பொருள். அதன் வேர் இலத்தீன், கடித்தல் என்பதிலிருந்து வந்தது. நம் வீரர் காற்றாலையை அரக்கன் என்று கண்டது போலவே, 'அல்' கண்ட இடமெல்லாம் அறபைக் கண்டுவிட்டார். நம்மில் பலர் எழுதும் வரலாற்றுக் கட்டுரைகளுக்கும் இது பொருந்தும். ஆய்வு நமக்குத் தருவது பெருமையை அல்ல, வேலையை.

நம் வீட்டுப் பொய்த் தரைகள்

அந்த வேலை நமக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை வரலாறு சொல்கிறது. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கலும் ஸ்பெயினும் ஒரே முடியின் கீழ் இருந்தன. மொரிஸ்கோக்களை வெளியேற்றியவர் மூன்றாம் ஃபிலிப். அவர் மகன் நான்காம் ஃபிலிப் ஆண்ட காலத்தில், 1626இல், போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட இலங்கைக் கரையிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். கண்டி மன்னன் செனரத் இடம் கொடுத்து, 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அல்காலாவின் வழியும் கடல் கடந்தே வந்தது. முத்துக்குளித்துறையிலும் மன்னாரிலும் பணிபுரிந்த ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் என்ற போர்த்துக்கேயப் பாதிரியார் தமிழைக் கற்று, தமிழுக்குப் போர்த்துக்கேய மொழியில் இலக்கணம் எழுதினார். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். நம் மொழியின் முதல் அச்சுநூல்களில் ஒன்று நமக்கு வந்த வழி அது.

ஆகவே தொலேதோவின் மொரிஸ்கோ எனக்கு அந்நியன் அல்ல. கிழக்குக் கரையில் நான் வளர்ந்த வீட்டில் உம்மம்மாவிடம் ஒரு கிதாபு இருந்தது. பச்சைத் துணியில் சுற்றி றாக்கையின் மேல் தட்டில் வைத்திருப்பா. நான் குர்ஆன் ஓத முடித்திருந்த வயது. எடுத்து ஓதிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் தெரிந்தது, நாக்குப் புரளவில்லை, சில எழுத்தில் கூடுதலாகப் புள்ளிகள். உம்மம்மா பக்கத்தில் இருந்து சிரித்தா.

"இது ஓதுற இல்ல மனே, வாசிக்கிற. காதக் குடுத்துக் கேளு, நம்மட பேச்சுத்தான்."

அவ வாசித்துக் காட்டினபோது உண்மையிலேயே தமிழ் வந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாளும் போகாத, தமிழ் எழுத்துத் தெரியாத மனுஷி, தமிழ் வாசித்தா. அன்று அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவ மௌத்தான பிறகு வீடு பிரித்துக் கட்டினோம். அறபெழுத்தல்லவா, காலில் படக்கூடாது என்று, அந்தக் கிதாபையும் பழைய முஸ்ஹபுகளோடு சேர்த்து மையவாடி ஓரத்தில் புதைத்து விட்டார்கள். மரியாதையோடுதான் புதைத்தார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அல்மொனாசித்தில் ஏட்டை எரித்து விளையாடிய பிள்ளைகளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

நம்மிடம் ஆய்வு நடக்கவில்லை என்பதில்லை. பேராசிரியர் ம. மு. உவைஸ் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கு வாழ்நாளையே கொடுத்தார். தைக்கா ஷுஐப் ஆலிம் 1993இல் ஸரந்தீபிலும் தமிழகத்திலும் அறபுத் தமிழ் வளர்ந்த கதையைப் பெருநூலாக எழுதினார். நம் மலாய்ச் சகோதரர்கள் மலாய் மொழியை அறபெழுத்தில் எழுதி 1869இலேயே 'அலாமத் லங்காபுரி' என்ற பத்திரிகை நடத்தினார்கள். எங்கே என்ன இருந்தது என்பதை இவர்கள் நமக்குச் சொல்லி விட்டார்கள். இனி வேண்டியது வாசிக்கக் கூடியவர்கள்.

மொழி கற்பதை நாம் இன்று இரண்டு வகையாக வைத்திருக்கிறோம். அறபு நன்மைக்கு, ஆங்கிலம் தொழிலுக்கு. சிங்களம் கந்தோர் அலுவலுக்கு என்று மூன்றாவதையும் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றும் தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த மூன்றில் எதையும் ஒரு கதையை வாசிப்பதற்காக, மற்றவன் ஏன் சிரிக்கிறான் என்று விளங்குவதற்காக நாம் கற்பதில்லை. அல்காலாவைப் போல் ஒரு பயன் கருதியே கற்கிறோம், அவ்வளவு ஆழமாகக் கூடக் கற்பதில்லை.

அறபெழுத்து ஓதத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு அறபுத் தமிழ் வாசிக்கப் பழக்கப் பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். கூடுதல் எழுத்துகள் விரல் விட்டு எண்ணக் கூடியவை. மத்ரஸாக்கள் விடுமுறையில் இரண்டு கிழமை ஒதுக்கினால் போதும். ஒலுவில் பல்கலைக்கழகத்தில் அறபு கற்கும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் ஒரு வீட்டு றாக்கையைத் திறந்து பார்த்தால், நாலைந்து வருடத்தில் ஒரு அட்டவணை உருவாகிவிடும். புதைப்பதற்கு முன் ஒரு தடவை வாசிப்போம், கைபேசியில் படமாவது பிடித்து வைப்போம் என்று ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகமும் முடிவெடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

செர்வாந்தெஸின் கதையில் அந்தக் கொப்பிகள் தப்பியது தற்செயலாகத்தான். அவற்றை விற்க வந்த பையனுக்கோ, வாங்க இருந்த பட்டு வியாபாரிக்கோ அவற்றின் அருமை தெரியாது. வாசிக்கத் தெரியாத ஒருவர் நின்று விசாரித்தார், வாசிக்கத் தெரிந்த ஒருவன் தெருவில் கிடைத்தான். நம்மிடம் முதலாமவர்கள் இன்னும் இருக்கிறார்கள், இக்காலாண்டிதழின் வாசகர்கள் அப்படிப்பட்டவர்கள்தான். இரண்டாமவனைத்தான் நாம் வேகமாக இழந்து வருகிறோம். எங்கள் ஊரில் அறபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் என்று நான் அறிந்தவரை இன்று மூன்று பேர் இருக்கிறார்கள். மூவரும் எண்பதைத் தாண்டியவர்கள். அவர்களில் ஒருவரிடம் சென்ற றமழானுக்குப் பிறகு நான் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். நான் பிழையாக வாசிக்கும்போது அவரும் சிரிக்கிறார்.